சம்பளம் தெரிகிறது, லாபம் தெரிவதில்லை: அமெரிக்க பேஸ்பால் ஒப்பந்தங்களும் ரசிகப் பார்வையும்

1

1995 ஏப்ரல் 28. நியூயார்க்கின் ஷே மைதானம். மெட்ஸ் அணி அந்தப் பருவத்தில் தன் சொந்த மைதானத்தில் ஆடும் முதல் ஆட்டம். மூன்று பேர் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிக்கிறார்கள். மூவரின் பனியனிலும் 'பேராசை' என்கிற ஒற்றைச் சொல். கொண்டுவந்திருந்த ஒரு டாலர் நோட்டுகளை ஆட்டக்காரர்களை நோக்கி வீசி எறிகிறார்கள். ஆறு வருஷம் கழித்து, 2001 ஏப்ரலில், சியாட்டில் நகரத்தில் இதே காட்சி. பழைய அணியை விட்டுப்போன அலெக்ஸ் ரோட்ரிகஸ் எதிரணிச் சட்டையோடு வந்து நிற்கிறார். அவர்மேல் விளையாட்டு நோட்டுகளை வாரி இறைக்கிறார்கள்.

இரண்டு காட்சியிலும் கவனிக்க வேண்டியது பணம் போன திசை. மைதானத்தை நோக்கித்தான் போனது. முதலாளிகள் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அறைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

1995இன் பின்னணி இது: அதற்கு முந்தைய ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. 232 நாள் நீடித்தது. 1904க்குப் பிறகு முதல் தடவையாக இறுதித்தொடரான 'வேர்ல்ட் சீரீஸ்' நடக்கவில்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவர முதலாளிகள் முயன்றதுதான் சண்டையின் காரணம். தொழிலாளர் உறவு வாரியம் கேட்டதன்பேரில், 1995 மார்ச் 31 அன்று நீதிபதி சோனியா சோட்டோமயோர் முதலாளிகளுக்கு எதிராகத் தடையாணை போட்ட பிறகே ஆட்டம் திரும்பியது. ஆக, சட்டம் கண்டித்தது முதலாளிகளை. ரசிகன் கண்டித்தது தொழிலாளியை. இந்தத் தலைகீழாக்கம் எப்படி நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரு சொல் விளக்கம். தமிழில் 'விளையாட்டு வீரர்' என்று எழுதிப் பழகிவிட்டோம். வீரத்துக்குக் கூலி பேசுவது அசிங்கம் என்கிற நிலப்பிரபுத்துவ வாசனை அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆகவே இங்கே ஆட்டக்காரர் என்றே எழுதுகிறேன்.

2

'ஒப்பந்தம்' என்றால் இரண்டு சுதந்திரமான ஆட்கள் சேர்ந்து போட்டுக்கொள்வது என்றுதான் நினைப்போம். பேஸ்பாலில் ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு அப்படி இல்லை. 1879இல் முளைத்த 'ரிசர்வ்' விதிப்படி, ஒருமுறை ஓர் அணியில் கையெழுத்துப் போட்டவன் அந்த அணி விற்கும்வரை, மாற்றும்வரை, துரத்தும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். வேறு முதலாளியிடம் போய் வேலை கேட்க முடியாது. 1922இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகமே அல்ல என்று சொல்லி, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அதை விடுவித்தது.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்கிற கறுப்பின ஆட்டக்காரரை பிலடெல்ஃபியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அவர் போக மறுத்தார். விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் யாருடைய உடைமையும் அல்ல என்று டிசம்பர் 24 அன்று கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். 'உடைமை' என்கிற சொல்லை ஒரு கறுப்பர் அமெரிக்காவில் எழுதும்போது அதற்கு என்ன கனம் உண்டு என்று சொல்லத் தேவையில்லை. அவரைத் தொலைக்காட்சியில் பேட்டி எடுத்த ஹோவர்ட் கோசெல் கேட்டது: வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்குகிற உனக்கு என்னய்யா குறை? நல்ல கூலி வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார் ஃப்ளட்.

கோசெல் ஃப்ளட்டின் எதிரி அல்ல, அனுதாபிதான். அவருடைய வாயிலிருந்தே அந்தக் கேள்வி வருகிறது என்றால் அது தனிமனிதருடைய கேள்வியல்ல, பொதுப்புத்தியின் கேள்வி. நிறைய வாங்குகிறாயே, அப்புறம் உரிமை எதற்கு? தொகையைக் காட்டி உறவை மறைப்பது என்கிற உத்தி இங்கே முழுசாக உருவாகிவிட்டது. வழக்கு விசாரணையில் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தர்கூட வந்து சாட்சி சொல்லவில்லை. ஓய்வு பெற்றிருந்த ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் வந்தார்கள். 1972இல் உச்சநீதிமன்றம் 5க்கு 3 என்று ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவருடைய ஆட்டவாழ்க்கை அதற்கு முன்னாலேயே முடிந்துபோயிருந்தது.

விதி உடைந்தது நீதிமன்றத்தில் அல்ல, சங்கத்தின் வழியாக. எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து 1966இல் வந்த மார்வின் மில்லர், தகராறுகளை நடுவரிடம் கொண்டுபோகும் ஏற்பாட்டைப் பேரம்பேசி வாங்கி வைத்திருந்தார். 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், மெசர்ஸ்மித், மக்நாலி என்கிற இரண்டு ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். கையோடு முதலாளிகள் சைட்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1967இல் சராசரிச் சம்பளம் 19,000 டாலர். 1992இல் அது 10 லட்சத்தைத் தாண்டியது. ஆட்டக்காரர்களின் திறமை திடீரென்று ஐம்பது மடங்கு பெருகிவிட்டதா என்ன? தொலைக்காட்சிப் பணம் பெருகியது. பெருகிய பணத்தில் பங்கு கேட்கும் சுதந்திரமும் கிடைத்தது.

3

இந்த வரலாறு ரசிகனின் நினைவில் இல்லை. அவன் கையில் இருப்பது தொகை மட்டும். தொகையைச் சுற்றி விளையாட்டுப் பத்திரிகைகள் ஒரு சொல்லாடலை உருவாக்கியிருக்கின்றன. 'மிகைச்சம்பளக்காரன்', 'கழுத்தில் கட்டிய கல்', 'அணிக்கு அனுகூலமான ஒப்பந்தம்' என்றெல்லாம். இந்தக் கடைசித் தொடரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அணி என்றால் யார்? ஆடுகிறவர்கள்தானே அணி? அவனுக்குக் குறைவாகக் கொடுத்தால் அது அணிக்கு எப்படி அனுகூலம்? 'அணி' என்கிற குறிப்பான் சத்தமில்லாமல் வழுக்கிப்போய் முதலாளியின் பெட்டியைக் குறிக்கிறது. ரசிகன் நேசிக்கும் அணியின் பெயரில் முதலாளியின் கணக்கு எழுதப்படுகிறது.

ஆல்பர்ட் பூஹோல்ஸ் என்கிற ஆட்டக்காரர் 2001இல் அறிமுகமானார். அந்த வருஷம் 37 ஹோம் ரன்கள், சிறந்த புதுமுகத்துக்கான விருது. சம்பளம் 2 லட்சம் டாலர், அதாவது அன்றைய குறைந்தபட்சக் கூலி. 2011 டிசம்பரில், முப்பது வயதைக் கடந்த பிறகு, ஏஞ்சல்ஸ் அணி அவருக்குப் பத்து வருஷத்துக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. வயதாக ஆக ஆட்டம் இறங்கியது. மிக மோசமான ஒப்பந்தங்கள் என்று போடும் பட்டியல்களில் அவர் பெயர் நிரந்தரமாகிவிட்டது. முதல் வருஷங்களில் அவர் உழைப்புக்கும் கூலிக்கும் இடையே இருந்த பள்ளத்துக்கு எந்தப் பட்டியலும் இல்லை. அது 'நல்ல பேரம்'. பின்னால் கொடுத்தது 'கொள்ளை'. இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு நுனிகள். விதிப்படி முதல் மூன்று வருஷம் ஏறத்தாழ குறைந்தபட்சக் கூலி, ஆறு வருஷம் முடிந்தால்தான் வேறு அணியோடு பேசும் சுதந்திரம். இளமையில் உறிஞ்சப்பட்ட உபரியைத்தான் ஆட்டக்காரன் பிற்பாடு கொஞ்சம் திருப்பி வாங்குகிறான். அதுவும் வாங்குகிற அளவுக்குத் தாக்குப்பிடித்தவன் மட்டும்.

அந்த ஆறு வருஷத்தையும் ஏழாக நீட்டும் வித்தை உண்டு. ஒரு பருவத்தில் 172 நாள் அணியில் இருந்தால் ஒரு வருஷப் பணி. 2015இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தது. கணக்குப் பார்த்தால் 171 நாள். ஒரு நாள் குறைகிறது! அவன் இன்னும் தடுப்பாட்டத்தில் பழக வேண்டியிருந்தது என்பது நிர்வாகத்தின் விளக்கம். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் அவர்தான். சங்கத்தின் வழியாகத் தொடுத்த முறையீடு 2020இல் தள்ளுபடியானது. இதற்காக யாரும் நோட்டு வீசியதாகச் செய்தியில்லை.

முதலாளிகளின் குற்றம் நிரூபணமான சமயத்திலும் இதே கதைதான். 1985 முதல் 1987 வரை மூன்று பருவகாலங்களில், சுதந்திரமான ஆட்டக்காரர்களை ஏலத்துக்கு எடுப்பதில்லை என்று அணி முதலாளிகள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்தார்கள். நடுவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1990இல் 28 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. அந்தக் காலத்தில் ஆந்த்ரே டாசன் தொகை நிரப்பாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு கப்ஸ் நிர்வாகத்திடம் நீட்டினார். அவர்கள் 5 லட்சம் டாலர் எழுதினார்கள். அவர் 1987இன் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். இந்தச் சம்பவம் இன்றும் எப்படிச் சொல்லப்படுகிறது? ஆட்டத்தின்மேல் இருந்த காதலால் காசு பார்க்காத மனிதர் என்று. முழங்கால் வலிக்குப் புல்தரை வேண்டும் என்று அவர் விரும்பியது உண்மை. ஆனால் அந்தத் தொகையை எழுதவைத்தது கூட்டுச்சதி. சதி பக்திக்கதையாக மாறிவிட்டது.

4

முன்னெல்லாம் ரசிகன் தன்னை ஆட்டக்காரனாகக் கற்பனை செய்துகொள்வான். இப்போது நிர்வாகியாகக் கற்பனை செய்துகொள்கிறான். 2003இல் மைக்கேல் லூயிஸின் 'மனிபால்' வந்தது. குறைந்த காசில் ஓக்லண்ட் அணியைக் கட்டிய நிர்வாகி பில்லி பீன் அதில் கதாநாயகன். பின்னால் படமாகவும் வந்தது. கற்பனை அணி சேர்க்கும் விளையாட்டுகள் பரவின. ஓர் ஆட்டக்காரன் தரும் கூடுதல் வெற்றிக்கு எத்தனை டாலர் என்று வகுத்துப் பார்க்கும் புள்ளியியல் சாதாரணப் பேச்சுக்குள் வந்துவிட்டது. புள்ளியியலைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பூஹோல்ஸுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தார்கள் என்று காட்டவும் அதே கணக்குதான் உதவும். ஆனால் அது யார் நாற்காலியில் உட்கார்ந்து போடப்படுகிறது? அல்தூஸர் சொன்ன விளித்தல் இதுதான். 'நீதான் நிர்வாகி' என்று கூப்பிடுகிறார்கள், கூலிக்காரன் திரும்பிப் பார்க்கிறான். திங்கட்கிழமை தன் ஆபீசில் சம்பள உயர்வுக்கு மனுப் போடுகிறவன், ஞாயிற்றுக்கிழமை இன்னொருத்தன் சம்பளத்தை முதலாளிக்காக மிச்சம்பிடிக்கிறான். சம்பளமில்லாமல்.

கூப்பிடும் குரல் யாருடையது என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. லீக்குக்குச் சொந்தமாகத் தொலைக்காட்சி இருக்கிறது. பல அணிகள் தங்கள் ஆட்டத்தை ஒளிபரப்பும் சேனலில் தாங்களே பங்குதாரர்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸின் முதலாளி ஜான் ஹென்றி 2013இல் அந்நகரத்தின் பெரிய நாளிதழான 'பாஸ்டன் குளோப்'பை 7 கோடி டாலருக்கு வாங்கினார். கமிஷனரை விமர்சித்து எழுதியிருந்த கென் ரோசென்தால் என்கிற மூத்த நிருபரை லீக்கின் தொலைக்காட்சி 2022 ஜனவரியில் கைவிட்டது. அப்போது முதலாளிகள் கதவடைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள், 99 நாள். ஊடகம் அதற்கு வைத்திருந்த வாய்ப்பாடு 'கோடீஸ்வரர்களுக்கும் மகா கோடீஸ்வரர்களுக்கும் சண்டை'. நடுநிலை மாதிரி தொனிக்கும் வாக்கியம். வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

இதற்கெல்லாம் அடியில் உள்ள எளிய விஷயம்: சம்பளம் தெரிகிறது, லாபம் தெரிவதில்லை. ஆட்டக்காரனின் டாலர் கடைசி எண்வரை அச்சாகிறது. பெரும்பாலான அணிகளின் கணக்குப் புத்தகம் தனியார் சொத்து. 2000 டிசம்பரில் ரோட்ரிகஸுக்கு டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் 25.2 கோடி டாலர் கொடுத்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அதே அணியை 1998இல் விற்ற கூட்டாளிகளில் ஒருவர் ஜார்ஜ் புஷ். ஏறத்தாழ 6 லட்சம் டாலர் போட்டவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1.5 கோடி. அந்த விலை உயர்வுக்கு முக்கியக் காரணம் ஆர்லிங்டன் நகரத்து மக்கள் விற்பனை வரியாகக் கொடுத்த 13.5 கோடியில் எழும்பிய புது மைதானம். ரோட்ரிகஸ் கையெழுத்துப் போட்ட அதே வாரத்தில், உச்சநீதிமன்றத் தீர்ப்பின் உதவியால் புஷ் ஜனாதிபதி ஆவது உறுதியானது. 'பேராசை' என்கிற பட்டம் ஆட்டக்காரனுக்குப் போனது. டெக்ஸாஸில் ஆடிய மூன்று வருஷமும் ஊக்கமருந்து எடுத்ததை ரோட்ரிகஸ் 2009இல் ஒப்புக்கொண்டார். அது தனிக் குற்றம். 2001 ஏப்ரலில் நோட்டு வீசியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் தண்டித்தது தொகையை.

5

நம் தோழர்கள் கேட்பார்கள்: கோடிகளில் புரளுகிறவனுக்கு நாம் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும்? இவன் என்ன பாட்டாளியா?

நியாயமான கேள்வி. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு மெட்ஸ் அணி பதினைந்து வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது. இவரைப் பாட்டாளி என்றால் சிரிப்பார்கள். ஆட்டக்காரர் சங்கத்தின் வரலாற்றிலும் பெரிய கறை உண்டு. கீழ்நிலை லீக்குகளில் ஆடும் ஆயிரக்கணக்கானவர்களை அது 2022 செப்டம்பர் வரை தன் உறுப்பினர்களாகச் சேர்க்கவில்லை. அவர்களில் கடைநிலையில் இருந்தவனுக்கு 2020 வரைக்கும் வாரம் 290 டாலர், அதுவும் பருவகாலத்தில் மட்டும். 2018இல் 2,232 பக்க நிதி மசோதாவுக்குள் ஒளித்துவைத்து, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று ஆக்கினார்கள். சங்கத்தில் சேர்ந்து 2023இல் போட்ட முதல் ஒப்பந்தத்தில், 'லோ-ஏ' மட்டத்தில் இருந்தவர்களின் வருஷச் சம்பளம் 11,000லிருந்து 26,200 டாலர் ஆனது. இந்தச் செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்? சோட்டோவின் தொகை எல்லோருக்கும் தெரியும். பெரிய எண்ணின் வெளிச்சத்தில் சின்ன எண் காணாமல்போகிறது. ஒரு சோட்டோவை மட்டுமே பார்க்கப் பழக்கிய கண்ணுக்கு, டொமினிக்கன் குடியரசில் அணிகள் நடத்தும் பயிற்சிக்கூடங்களில் பதினாறு வயதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெயரில்லாமல் வீடு திரும்பிய பையன்கள் தெரிய வாய்ப்பில்லை.

ஆகவே கேள்வி அவனுக்கு இவ்வளவு தேவையா என்பதல்ல. யாருக்கும் இவ்வளவு தேவையில்லை. அவனுக்குக் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் எங்கே போகும் என்பதே கேள்வி. டிக்கெட் விலை குறையும் என்று ரசிகன் நம்புகிறான். வாங்க ஆள் இருக்கும் அளவுக்குத்தான் டிக்கெட் விலை ஏறும். ஆட்டக்காரர்களுக்குக் கூலியே கொடுக்காமல் இருந்த காலத்திலும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கு டிக்கெட் மலிவாக இல்லை. சம்பளம் குறைந்தால் முதலாளியின் பங்குதான் பெருக்கும். 1973இல் ஏறத்தாழ 1 கோடி டாலருக்குக் கைமாறிய நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 2025இல் ஃபோர்ப்ஸ் போட்ட மதிப்பு 820 கோடி.

2022இல் போட்ட ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்குமானது. உச்சவரம்புப் பேச்சை 2025இலேயே முதலாளிகள் தரப்பு மறுபடி எடுத்துவிட்டது. அணிகளுக்கிடையே சமத்துவம் வரும் என்று சொல்கிறார்கள். 'உச்சவரம்பு' என்றதும் நமக்கு நிலம் ஞாபகம் வரும். சொத்துக்கு வரம்பு போட்டு இல்லாதவனுக்குக் கொடுப்பது. இங்கே வரம்பு கூலிக்கு. சொத்துக்கு வரம்பு எதுவும் இல்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டு எதிரெதிர் அரசியல் உட்கார்ந்திருக்கிறது. சமத்துவத்தின் பெயரால் கூலியைக் குறைக்கக் கேட்கிறவன் நம் மொழியைத்தான் பேசுகிறான் என்பதால், நாம்தான் இதைக் கூடுதல் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும்.