அளவியை அளப்பது எப்படி?

பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் திருகு அளவியைக் கையாண்டிருப்பீர்கள். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஆனால் அதே அளவியை மூவரிடம் கொடுத்து ஒரே இரும்புத் தண்டை அளக்கச் சொல்லுங்கள். மூன்று விடைகள் வரக்கூடும். அப்படியானால் தண்டுகளிடையே காணும் வேறுபாட்டில் தண்டினுடையது எவ்வளவு, அளவெடுப்பினுடையது எவ்வளவு?

இதற்கென ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் நிறுவனங்கள் கூடி 1990-இல் ஒரு கையேட்டை வெளியிட்டன. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனினும் மோட்டார் உறுப்புகள் செய்யும் பட்டறைகளில் அம்முறை நிலைத்துவிட்டது. பத்து உறுப்புகளை மூவர், ஆளுக்கு இரண்டு மூன்று முறை அளப்பார்கள். அளவெடுப்பின் சிதறல் மொத்தச் சிதறலில் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் அளவி நன்று. 30-ஐத் தாண்டினால் தள்ளுபடி.

சோதனை அருமையானது. விழுக்காட்டுக் கணக்குதான் நம்மை ஏமாற்றுகிறது. மொத்தத் திட்ட விலக்கம் 0.010 மி.மீ., அளவெடுப்பினுடையது 0.003 மி.மீ. என்று கொள்ளுங்கள். பங்கு 30 விழுக்காடு. மீதி 70 தண்டுகளுடையது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 95! திட்ட விலக்கங்களை நேராகக் கூட்டக்கூடாது; அவற்றின் வர்க்கங்களையே கூட்ட வேண்டும். வர்க்கக் கணக்கில் அளவெடுப்பின் பங்கு வெறும் 9 விழுக்காடு. தண்டுகளின் பங்கு 91. அமெரிக்கப் புள்ளியியலர் டொனால்டு வீலர் இக்குறையைப் பல்லாண்டுகளாகச் சுட்டி வருகிறார். 91 பங்கு உண்மை சொல்லும் அளவியைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கச் சிறு பட்டறைக்காரர் எங்கே போவார்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. வேண்டுமென்றே பெரிதும் சிறிதுமாகப் பத்துத் தண்டுகளைப் பொறுக்கி வைத்தால் மொத்தச் சிதறல் பெருகும். மட்டமான அளவியும் தேறிவிடும். விழுக்காட்டு எல்லையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று கையேட்டின் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பே எச்சரிக்கிறது. படிவம் நிரப்புகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை போலும்!

தாம்பரத்துச் சித்திரை வெயிலையும் மறக்க வேண்டாம். நீள அளவீட்டுக்கு உலகம் ஏற்ற வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். அளவியும் தண்டும் சேர்ந்து சூடானால் பெரிய கேடில்லை. ஆனால் 20 மி.மீ. எஃகுத் தண்டு லேத்திலிருந்து இறங்கியதும் அளவியைவிட 15 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், அது ஏறத்தாழ 0.0035 மி.மீ. பருத்திருக்கும். சோதனையிலோ, மேசைமேல் ஆறிக் கிடக்கும் தண்டுகளைத்தான் அளக்கிறார்கள்.