சாருலதையின் கண்ணீர்

இல்லறத்தைப் பொருளாகக் கொண்ட நாடகங்களிலும் திரைப்படங்களிலும் மனைவி அழுதல் புதுமையன்று. கணவனாற் புறக்கணிக்கப்பட்டவள் நெடுநாள் பொறுத்திருந்து ஈற்றில் மனமுடைந்து கதறுவாள்; கண்டோர் இரங்குவர்; கணவன் திருந்துவான்; திரை விழும். இத்தகைய மிகையுணர்ச்சி நாடகங்களிற் கண்ணீர் ஒரு கருவியே. கணவனைத் திருத்துதற்கும் அவையோரை உருக்குதற்கும் அது பயன்படும். அழுபவளின் உள்ளத்தை அறிதற்குப் பெரும்பாலும் பயன்படாது. சத்யஜித் ராய் நெறிப்படுத்தி 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சாருலதா' என்னும் வங்காளத் திரைப்படம் இதே கதைப்பொருளை எடுத்துக்கொண்டு வேறொரு முடிபைக் காண்கின்றது.

இப்படத்திற்கு மூலம், இரவீந்திரநாத தாகூர் 1901 ஆம் ஆண்டில் எழுதிய 'நஷ்டநீட்' என்னும் குறுநாவலாகும். சிதைந்த கூடு என்பது அப்பெயரின் பொருள். படத்தின் கதை 1879, 1880 ஆம் ஆண்டுகளிற் கல்கத்தா நகரத்துச் செல்வர் மனையொன்றில் நிகழ்கின்றது. பூபதி ஆங்கிலப் பத்திரிகையொன்றை நடத்துபவன், கற்றவன், மனைவியைக் கடிந்து ஒரு சொற் சொல்லாதவன். சாருவுக்கு உணவிலோ உடையிலோ குறைவில்லை. அவளைப் பார்ப்பதற்கு ஒருவர் இல்லை என்பதே குறை.

இக்குறையைப் படத்தின் தொடக்கம் உரையாடலின் துணையின்றியே உணர்த்துகின்றது. சாரு கைக்குட்டையொன்றிற் கணவன் பெயரின் முதலெழுத்தைத் தைக்கின்றாள். பின்னர் நூலொன்றைத் தேடியெடுக்கின்றாள். கையடக்கமான தொலைநோக்கியைக் கொண்டு, சாளரந்தோறும் சென்று, தெருவிற் செல்வோரைப் பார்க்கின்றாள். அவ்வேளை பூபதி புத்தகமொன்றிற் கண்ணூன்றியபடி அவளைக் கடந்து செல்கின்றான். அவள் அங்கு நிற்பதை அவன் அறியவில்லை. அவள் தொலைநோக்கியை உயர்த்தித் தன் கணவனையே பார்க்கின்றாள். ஒரே கூரையின்கீழ் வாழும் இருவரிடையே உள்ள தூரத்தை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது.

பூபதியைக் கொடியவனாகக் காட்டாமையே இப்படத்தின் வலிமை. இங்கிலாந்திலே 1880 ஆம் ஆண்டுத் தேர்தலில் லிபரல் கட்சி வெற்றி பெற்றதை அவன் நண்பர்களுடன் விருந்து வைத்துக் கொண்டாடுகின்றான். கடல் கடந்த நாட்டிலே சுதந்திரக் கொள்கை வென்றதென்று மகிழ்பவனுக்கு, அடுத்த அறையிலே அடைபட்டிருக்கும் ஓர் உயிர் தெரிவதில்லை. அவன் பிழை தீமையன்று, கவனமின்மை. ஆயினும் அப்பிழையின் விளைவு தீமையின் விளைவிலும் சிறிதன்று.

சாருவின் தனிமை நீங்கப் பூபதியே தேடிய வழி, தம்பி முறையினனான அமல். அமலும் இலக்கியப் பித்துடையவன். இருவரும் தோட்டத்திற் படிக்கின்றனர், எழுதுகின்றனர். தனக்கென எழுதப்பெற்றதை அமல் அச்சேற்றியபொழுது சாரு உள்ளம் நொந்து, தானும் ஒரு கட்டுரை எழுதி வெளியிடுகின்றாள். வெற்றியை அறிவிக்க வந்தவள் அந்த இதழினாலேயே அவனை அடித்து, அடுத்த கணம் அவன்மீது சாய்ந்து அழுகின்றாள். அவ்வழுகையைக் காதல் என்னும் ஒரு சொல்லால் அடக்குதல் தகாது. தன்னுள் ஓர் ஆற்றல் உண்டென அறிந்தவள், அவ்வாற்றலைக் காண ஒருவனே உளன் என்றும், அவனும் தனக்குரியவனல்லன் என்றும் ஒருங்கே அறியும் நிலை அது.

பின்னர்ச் சாருவின் தமையன் பூபதியின் பொருளைக் கவர்ந்து செல்கின்றான், பத்திரிகை வீழ்கின்றது. நம்பிக்கைத் துரோகத்தால் நொந்த பூபதியைக் கண்டு, தானும் மற்றொரு துரோகியாகிவிடுவேனோ என அஞ்சிய அமல் சொல்லாமலே நீங்குகின்றான். கணவனும் மனைவியும் கடற்கரையில் இருந்து, இருமொழியிலும் ஒரு பத்திரிகை தொடங்கலாம் எனத் திட்டமிடுகின்றனர். அரசியல் அவனுக்கு, இலக்கியம் அவளுக்கு. பூபதி மனைவியை உண்மையாகக் கண்ட முதல் வேளை இதுவே. ஆனால் காலம் கடந்துவிட்டது. வீடு திரும்பியதும் அமலின் கடிதம் கிடைக்கின்றது. தனித்திருப்பதாக எண்ணிச் சாரு கதறுகின்றாள், பூபதி கேட்டுவிடுகின்றான்.

அவையோரை நோக்கியோ கணவனை நோக்கியோ எழுந்த அழுகையன்று இது. எவர்க்கும் கேட்கலாகாது என்றே அவள் இத்தனை நாளும் அடக்கியது. தான் பேசியபொழுதெல்லாம் செவிகொடாதவன், பேசாததைக் கேட்கின்றான். இந்த முரணே படத்தின் உச்சம். மாதவி முகர்ஜியின் நடிப்பும் இவ்விடத்தில் அளவு கடவாது நிற்கின்றது. அமல் வரும்பொழுதும் சாரு உடையும்பொழுதும் காற்றும் புயலும் துணைவருதல் சற்று மிகையெனத் தோன்றலாம். மனத்தின் புயலை நடிப்பே காட்டுமிடத்து, வானத்தின் சான்று வேண்டியதில்லை.

மூலத்தில் இத்துயரம் ஒரு கணத்தில் வெடிப்பதன்று. சாரு மறைவாக நகையை அடகுவைத்து, அமலுக்குத் தந்தியடித்து, நாட்கணக்காக உள்ளே நைகின்றாள். அந்த மெல்லிய தேய்வு படத்தில் இல்லை. மூலத்தை மாற்றியமைபற்றி 1964 இலேயே கண்டனம் எழ, ராய் விரிவாக விடையிறுத்தார். மாற்றத்தால் இழந்தது உண்டு. எனினும் பெற்றது பெரிது. தாகூரின் கதை மனைவியின் மறுப்போடு முடிகின்றது. ராயின் படத்திலோ, சாரு கையை நீட்ட, பூபதி தயங்கித் தன் கையை நீட்ட, இரு கைகளும் பொருந்துமுன் காட்சி அசைவற்று நின்றுவிடுகின்றது. மூலக்கதையின் பெயர் அதன்மீது எழுகின்றது.

மிகையுணர்ச்சி நாடகம் இவ்விடத்தில் இருவரையும் தழுவச் செய்து ஆறுதல் அளித்திருக்கும். அன்றேல் மனைவியைத் தண்டித்திருக்கும். ராய் இரண்டையும் செய்திலர். கேட்டவன் கேளாதவனாக மீண்டும் ஆகமுடியாது. அழுதவள் அழாதவளாகவும் ஆகமுடியாது. அந்த அறிவோடு ஒரு வீட்டில் வாழ இயலுமா என்னும் வினாவே எஞ்சுகின்றது. சாருவின் கண்ணீர் இரக்கத்தை வேண்டுவதன்று; தன்னைக் காணுமாறு கேட்பது. அதனைக் காணத் தவறிய கூடு, புயல் வருமுன்னரே சிதைந்திருந்தது.