மாஜோங் தாள்

மாஜோங் ஆட்ட மேசையில் விரிக்க வந்த பெரிய வெள்ளைத் தாள், மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரை பிறக்கும் இடமாகிவிட்டது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஏட்டைத் திறந்ததும் முதல் வரி எழுத வராமல் விழிக்கும் பிள்ளை, தரையில் விரித்த இந்தத் தாளைக் கண்டால் தயங்குவதில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மார்க்கர் பேனாவால் தோன்றியதை எல்லாம் எழுதலாம். அடித்தல் திருத்தல் பற்றிக் கவலையில்லை.

2012இல் கல்வி அமைச்சு தொடங்கிய ஐ-திங்க் திட்டம், அமெரிக்கரான டேவிட் ஹைர்ல் வகுத்த எட்டுச் சிந்தனை வரைபடங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. அவற்றை வரையவும் இந்தத் தாள்தான் ஏற்றது. அவற்றில், இரண்டை ஒப்பிட்டு ஒற்றுமையை நடுவிலும் வேற்றுமையை ஓரங்களிலும் எழுதும் இரட்டிப்புக் குமிழி வரைபடமே எனக்கு உயர்ந்தது. 'பிரிக்ஃபீல்ட்ஸும் கிள்ளானும்' என்று தலைப்புக் கொடுங்கள். நடுக் குமிழிகளில் பூக்கடை, புடவைக்கடை, தீபாவளிக் கூட்டம் வந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அந்தக்காலச் செங்கற்சூளையும் ரயில்வே குடியிருப்பும், ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும். கிள்ளான் பக்கம் துறைமுகம், கோத்தா பாலம், அரண்மனை. பொதுவானவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஓரக் குமிழிகளில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

மர வரைபடத்தில் வகைபிரிப்பது அதன் பிறகே நல்லது. முதலிலேயே வகுத்தால் எண்ணங்கள் சுருங்கிவிடும். கடைசியாக நிரலொழுங்கு வரைபடத்தில் பத்திகளை வரிசைப்படுத்தி, தாளைச் சுவரில் ஒட்டினால், பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துப் பார்த்தே எழுதுவார்கள்.