மூலம் எது? – ‘புளூ ட்ரெயின்’ மறுபதிப்புக் குறித்து ஒரு நோக்கு

பழைய இசைத்தட்டொன்று மறுபதிப்புப் பெறும்போது, அதன் சிறப்பை உணர்த்தப் பெரிதும் எடுத்தாளப்படும் சொல் ‘மூலம்’ என்பதாகும். ஜோன் கொல்ட்ரேனின் ‘புளூ ட்ரெயின்’, 2022இல் புளூ நோட் நிறுவனத்தின் ‘டோன் பொயற்’ வரிசையில் வெளியானபோதும், மூல ஒலிநாடாவிலிருந்து நேரே வெட்டப்பட்டமையே அதன் தகுதியாக முன்வைக்கப்பட்டது. ஆயின் அம்மறுபதிப்பே இச்சொல்லை ஐயுறவுக்கு உள்ளாக்குகின்றது.

1957 செப்ரெம்பர் 15ஆந் திகதி, நியூ ஜேர்சி மாநிலத்து ஹக்கன்சக்கில், ரூடி வான் கெல்டர் தம் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையில் அமைத்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் இவ்விசை பதிவாயிற்று. கொல்ட்ரேனின் சாக்ஸபோனுடன் லீ மோர்கனின் ட்ரம்பெற்றும் கேர்ட்டிஸ் புல்லரின் ட்ரொம்போனும் இணைந்தன. ஐந்து உருப்படிகளுள் நான்கு கொல்ட்ரேன் இயற்றியவை. நாடாவிலுள்ளதைத் தட்டாக வெட்டும்போது, சாதாரண இசைப்பெட்டிகளிலும் ஊசி துள்ளாதிருக்கும் பொருட்டுத் தாழ்ந்த ஒலிகளைக் குறைப்பதும் ஒலியின் ஏற்றவிறக்கத்தை ஒடுக்குவதும் வான் கெல்டரின் அக்கால வழக்கம். எனவே அன்றைய தட்டும் நாடாவும் ஒன்றல்ல. கெவின் கிரே புதிதாக வெட்டிய தட்டிற் போல் சேம்பர்ஸின் பாஸ் திரட்சியுடன் ஒலிப்பது உண்மையே. எனினும் அது நாடாவுக்குக் காட்டும் விசுவாசமேயன்றி, 1950களிற் கேட்டோரின் அனுபவத்துக்குக் காட்டும் விசுவாசமன்று.

நாடாதானும் ஒருமையுடையதா? இரு தட்டுகள் கொண்ட ஸ்டீரியோப் பதிப்பின் இரண்டாந் தட்டில், அன்று தேர்ந்தெடுக்கப்படாத வாசிப்புகளும் இடையில் நின்றுபோனவையும் இடம்பெறுகின்றன. தலைப்பு உருப்படியின் வெளியான வடிவத்திலுள்ள கெனி ட்ரூவின் பியானோத் தனிவாசிப்பு, வேறொரு வாசிப்பிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதாகும். ஒரே மூச்சிற் பிறந்ததெனக் கருதப்பட்ட படைப்பு, உண்மையில் தேர்ந்தும் இணைத்தும் ஆக்கப்பட்டதொன்றாம்.

இதனாற் கொல்ட்ரேனின் பெருமை குன்றுவதில்லை. ஒரே கருப்பொருளை அவர் ஒவ்வொரு முறையும் புதிதாக அணுகுவதை அடுத்தடுத்துக் கேட்கையில், மனோதர்மம் என்பது திடீரென வாய்க்கும் அருளன்று, இடையறாத உழைப்பு என்பது தெளிவாகின்றது. தயாரிப்பாளர் அல்பிரட் லயன் ஒத்திகைக்கும் ஊதியம் வழங்கியமை இவ்வுழைப்புக்குத் துணைநின்றது. கலை தனிமனித மேதைமையால் மாத்திரம் விளைவதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

தட்டின் எடையையும் உறையின் பளபளப்பையும் அளந்து மகிழும் சேகரிப்பாளன், இசையை அரும்பொருளாக்கி அடைத்துவிடும் அபாயம் உண்டு. இம்மறுபதிப்பின் மெய்யான பயன், மூலத்தை மீட்டுத் தந்தமையன்று. மூலம் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைக் கேட்கச் செய்தமையேயாகும்.