உறையும் உலைக்களமும்

ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற காலை பாடியதாகக் கூறப்படும் புறநானூற்று 95ஆம் பாட்டை அறியாத தமிழாசிரியர் இரார். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மாளிகையில் உள்ளன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனது சிறு குடிலிற் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்தார், இகழ்வதுபோல் புகழ்ந்தார் என்று கூறி, நாம் அடுத்த பாட்டிற்குச் சென்றுவிடுகிறோம். யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். அது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அண்மையில் ஈப்போவிலிருந்து பழைய மாணவர் ஒருவர் கையால் அடித்த கத்தியொன்றை எனக்கு அன்பளிப்பாகத் தந்தார். அதன் அளவிற்கென்றே வெட்டித் தைத்த தோலுறையும் உடன் இருந்தது. அழகு கருதி அலமாரியில் வைத்தேன். ஒரு கயிற்றைக்கூட அது அறுத்ததில்லை. இப்பாட்டை நடத்தும்போது அதனையும் என் தந்தையாரின் பால்வெட்டுக் கத்தியையும் வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். பின்னது நாள்தோறும் கல்லில் தீட்டியதால் அலகு தேய்ந்தது. "எது தொண்டைமான் கத்தி?" என்றேன். பிள்ளைகள் தோலுறையைச் சுட்டினர். ஒரு சிறுமி மட்டும், "ஐயா, ஆயுத பூசையன்று எங்கள் தாத்தா பால்வெட்டுக் கத்திக்கும் பொட்டிட்டு மாலை போடுவாராம். அதுவும் தொண்டைமான் கத்தியா?" என்றாள்.

விடை தேடிப் பாட்டை மீண்டும் பார்த்தேன். அதன் துறை வாண்மங்கலம். படைக்கலத்தைப் போற்றி வாழ்த்துவது. ஆகவே அணிதல் இழிவன்று. வினை முடித்த படைக்கு உரிய சிறப்பே அது. ஒளவையார் எள்ளியது மாலையை அன்று. மாலைக்குமுன் நிகழவேண்டிய வினை நிகழாமையையே. நெய் பூசுவதும் வீண் ஒப்பனை அன்று. அன்று உறையிலிருந்து என் கத்தியை உருவியபோது அலகில் துருப்புள்ளிகள் கண்டேன். தோல் ஈரத்தை ஈர்க்கும். பதனிட்ட பொருள்களின் எச்சமும் அதிற் தங்கும். நெடுநாள் உள்ளே கிடக்கும் இரும்பை அதுவே அரிக்கும். உறை, கத்தி சென்று மீள்வதற்கு இடையிலுள்ள காவல்; குடியிருப்பு அன்று.

இனி, பாட்டின் முடிவிற்கு வருவோம். உள்ளபோது உணவளித்து, இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்துண்ணும் வறியோர் சுற்றத்தின் தலைவன் அதியமான் என்று ஒளவையார் கூறுகிறார். இதனை ஒட்டுப்போட்ட புகழுரையாகவே பலர் கொள்வர். யான் அதனையே பாட்டின் உயிர்நிலை என்பேன். நுனி சிதைந்தது மட்டுமே பெருமையாயின் கொடுங்கோலன் வேலும் பெருமைக்குரியதாகிவிடும். யாருக்காகச் சிதைந்தது என்பதே வினா.

பேராக்கில் 1877இல் குவாலா கங்சாரில் இரப்பர்க் கன்று நடப்பட்டது. பின்னர் எழுந்த தோட்டங்களில் நம்மவர் கத்தி எத்தனையோ அடுப்புகளை எரியச் செய்தது. அக்கத்தியின் திறம் ஆழ வெட்டுவதில் இல்லை. உள்ளிருக்கும் வளர்படலம் புண்படாமல் பட்டையை மெல்லெனச் சீவுவதில் உள்ளது. வேலினும் அரிய அடக்கம் இது.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் இடம்விட்டன. பால்வெட்டுக் கத்தி சுவரில் ஏறுகிறது. ஏறட்டும், மாலையும் இடுக. ஆனால் அது யாருக்குச் சோறிட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மாலையிட்டால், ஒளவையார் நகைப்பது தொண்டைமானை அன்று, நம்மையே. அச்சிறுமிக்கு யான் கூறிய விடையும் இதுவே.