லோடன் திருமுழுக்குத் தொட்டி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்ஃபோக் மாவட்டத்தில், லோடன் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூர் மூவொரு கடவுள் ஆலயத்தில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லாலான திருமுழுக்குத் தொட்டி ஒன்று நிற்கிறது. எட்டுப் பட்டைகள் கொண்டது. ஒருகாலத்தில் எட்டிலும் உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. இன்று அவற்றில் உளி பட்ட தழும்புகளே எஞ்சியுள்ளன. நிழற்படங்களில் மட்டுமே இதை நான் கண்டிருக்கிறேன். சுற்றிவந்து பார்க்கவேண்டிய ஒரு பொருளைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது குறைதான், அக்குறையோடுதான் எழுதுகிறேன்.

அழிந்தவை எத்தகையவை என்பதை இத்தொட்டியின் உடன்பிறப்புகளே சொல்லிவிடுகின்றன. பெரும்பாலும் நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில், இவ்வகைத் தொட்டிகள் ஏறத்தாழ 40 இருக்கின்றன. ஏழு பட்டைகளில் ஏழு திருவருட்சாதனங்கள். எட்டாவதில் வேறொரு காட்சி. சில ஊர்களில் அது யோர்தானில் ஆண்டவர் பெற்ற திருமுழுக்கு. வால்சோக்கன் ஆலயத்தில் சிலுவைக் காட்சி.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கல்லில் வடித்த மறைக்கல்வி என்று இவற்றைப் புகழ்வது வழக்கம். இப்புகழ்ச்சி போதாதென்றே நான் கருதுகிறேன். மறைக்கல்வி நூல் இலக்கணம் சொல்லும். இச்சிற்பிகளோ மனிதர்களைக் காட்டுகிறார்கள். திருமுழுக்குப் பட்டையில் தொட்டிக்குள் இன்னொரு சிறு தொட்டி; அதன்மேல் ஆடையற்ற குழந்தையைக் குரு ஏந்தியிருக்கிறார்; சுற்றிலும் ஆட்கள். உறுதிபூசுதலில் ஆயர் முன் வருவது கைக்குழந்தைகள். வளர்ந்த சிறுவர் சிறுமியரை வரிசையில் நிறுத்தியே பழகிய என் போன்ற பங்குக் குருவுக்கு இது முதலில் வியப்பைத் தரும். திருப்பலியில் குருவின் முதுகே நமக்குத் தெரிகிறது. உயர்த்திய அப்பத்தை நாம் மக்கள் நிற்குமிடத்தில் நின்று பார்க்கிறோம். நோயில்பூசுதலில் கட்டிலைச் சுற்றி வீட்டார் நெருங்கி நிற்கின்றனர். ஒப்புரவுக் காட்சிகள் சிலவற்றில் அலகை தலைகுனிந்து நழுவுகிறது. இடம் குறுகிய கல்லில் இத்தனை பேரைத் திணித்தது சிற்பிக்குத் தொல்லையாகவே இருந்திருக்கும். ஆயினும் அவர் எவரையும் தனியே விடவில்லை.

இதே லோடன் ஊரில் ஹவிசியா மோன் என்றொரு பெண் வாழ்ந்தார். செருப்புத் தைப்பவரான தாமஸ் மோனின் மனைவி. ஜான் விக்ளிஃபின் வழிவந்த லொல்லார்டுகளுள் ஒருவர். 1428இல் நாரிச் நகரில் எரிக்கப்பட்ட வில்லியம் வைட் என்ற குருவுக்குத் தம் வீட்டில் இடம் தந்தவர். ஆலயத்தில் தண்ணீரால் கொடுக்கும் திருமுழுக்கு அற்பமானது, கிறிஸ்துவின் இரத்தத்தாலேயே அவருடைய மக்கள் போதுமான அளவு திருமுழுக்குப் பெற்றுவிட்டனர் என்பது அவர் கருத்து. 1430இல் ஆயர் வில்லியம் ஆல்னிக் முன்னிலையில் அதை மறுத்துரைக்குமாறு செய்யப்பட்டார். இத்தகைய குரல்களுக்கு மறுமொழியாகவே ஏழு அருட்சாதனத் தொட்டிகள் எழுந்தன என்று ஆன் நிக்கல்ஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வு நூலில் வாதிடுகிறார். அவர் வாதம் எனக்கு ஏற்புடையதே.

மறுமொழி என்ற அளவில் அது சிறந்த மறுமொழி. குருக்களின் சடங்கு என்று ஹவிசியா தள்ளியதை, ஊரார் கூடி ஒரு குழந்தையை ஏற்றுக்கொள்ளும் நிகழ்ச்சியாகச் சிற்பி காட்டிவிட்டார். ஆனால் நெருப்பைக் காட்டி ஒருத்தியின் வாயை அடைத்த பிறகு சொல்லப்பட்ட மறுமொழி அது. சிற்பத்தின் அழகில் மயங்கி நாம் இதை மறந்துவிடலாகாது. ஹவிசியாவை ஆயர் முன் நிறுத்தியது நம் திருச்சபைதான்.

வால்சோக்கன் தொட்டியின் அடிப்பகுதியில், கொடையளித்தோரின் ஆன்மாக்களை நினைவுகூர வேண்டும் கல்வெட்டும் 1544 என்ற ஆண்டும் உள்ளன. உரோமையோடு உறவு அறுந்து பத்தாண்டு ஆகியிருந்த காலம். அரசனை எதிர்த்த வீரச் செயல் என்று நம்மவர் இதைக் கொண்டாட விரும்பலாம். அவ்வாறு சொல்ல இடமில்லை. எட்டாம் ஹென்றி 1543இல் வெளியிட்ட நூலும் ஏழு அருட்சாதனங்களையும் விட்டுவிடவில்லை. காற்று திசைமாறியது 1547இல் அவர் மகன் எட்வர்டு அரசேறிய பிறகுதான். பிறகு உளியும் சுத்தியலும் ஆலயங்களுக்குள் நுழைந்தன. பல ஊர்களில் முகங்களை மட்டும் சிதைத்தார்கள். லோடனில் முழு உருவங்களையும் செதுக்கி எறிந்தார்கள்.

இங்கிலாந்துத் திருச்சபை இறுதியில் நற்செய்திக்குரிய அருட்சாதனங்கள் என்று ஏற்றுக்கொண்டது இரண்டை மட்டுமே. அவற்றுள் ஒன்று திருமுழுக்கு. ஆயினும் லோடனில் திருமுழுக்குப் பட்டையும் மற்றவற்றோடு சேர்ந்தே அழிந்தது. தண்ணீர் நிற்கும் குழிவை மட்டும் எவரும் தொடவில்லை. உருவங்களுக்கு வணக்கம் கூடாது, தண்ணீரும் தேவையில்லை என்றவர் ஹவிசியா மோன். அவருடைய ஊர் ஆலயத்தில் அவர் விரும்பியதில் பாதியே நிறைவேறியிருக்கிறது.