ஐவரைக் காத்த ஆட்டக்காரன்

பதினெட்டு நாள் நடந்த ஒரு போட்டியில், எதிரணியின் ஒரு வீரனைக்கூடத் தன் கையால் வீழ்த்தாமல், தேரின் முன்தட்டில் குதிரைக் கயிற்றைப் பிடித்து அமர்ந்தபடியே மூன்று மகா சேனாதிபதிகளையும் அவர்களுடைய மன்னனையும் ஒருவர்பின் ஒருவராக வீழச்செய்த சாரதியை உத்தமன் என்று போற்றுவதா, கபடன் என்று தூற்றுவதா என்ற விவாதம், திரௌபதியம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடைபெறும் கோடைதோறும் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் புதிதாகத் தொடங்குகிறது. அவ்விழாவின் இரவுகளில் ஆடப்படும் பாரதக் கூத்து முடிந்து பொழுது விடிந்தபின் தேநீர்க் கடையில் அது உச்சத்தை அடைகிறது. வெயிலேறும்போது, தீர்ப்பின்றியே அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

இந்த ரசிகர்களைச் சாமானியமாக எண்ணிவிடலாகாது. பகலெல்லாம் விசைத்தறியின் இரைச்சலில் நின்றவரும், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை முடித்து வந்தவரும், கரும்புத் தோட்டத்திலிருந்து நேரே வந்தமர்ந்தவருமாக விடிய விடியக் கண்விழிக்கும் இவர்கள், பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து சொல்லி விளக்கும் கதையை இரவில் வேடக்காரர் எவ்வாறு நடத்துகிறார் என்று ஒப்பிட்டு எடைபோடும் பரீட்சகர்கள். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை மாற்றத்தின் பயனாய்ச் சென்னை மாநிலத்தோடு இணைந்த பகுதியாதலால், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர்கள் இவை. ஆகவே அந்தச் சாரதியான கண்ணனைப் பற்றிய வாதத்திலும் இரு மரபுகளின் சாட்சியங்கள் தாமாகவே வந்து கலக்கின்றன. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ படத்தில் சிவாஜி கணேசனின் கர்ணனுக்கு எதிரே கண்ணனாக நின்ற என்.டி. ராமராவ், 1977இல் தாமே இயக்கிய ‘தான வீர சூர கர்ணா’வில் கர்ணன், துரியோதனன், கண்ணன் ஆகிய மூவராகவும் தோன்றினார் என்பதை ஒருவர் எடுத்துக்காட்டினால், ஒரே மனிதர் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நிற்க முடியுமென்றால் உண்மை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்னொருவர் மடக்குவார்.

ஆட்டத்தின் பலாபலத்தை முதலில் பார்ப்போம். கௌரவர் பக்கம் 11 அக்குரோணி. பாண்டவர் பக்கம் 7. போர் மூளுமுன் துவாரகைக்கு உதவி கேட்கச் சென்ற இருவரில், துரியோதனனுக்குக் கண்ணனுடைய சேனை கிடைத்தது. ஆயுதமெடுப்பதில்லை என்ற நிபந்தனையோடு கண்ணன் அர்ச்சுனனுக்குக் கிடைத்தான். பீஷ்மர் 10 நாளும், துரோணர் 5 நாளும், கர்ணன் 2 நாளும் சேனையை நடத்த, பதினெட்டாம் நாள் சல்லியன் ஒரு பகல்கூட முழுதாக நிற்கவில்லை. எண்ணிக்கையிலும் அனுபவத்திலும் தாழ்ந்திருந்த அணி வென்றது. அந்த வெற்றியின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆயுதமில்லாத சாரதியின் யோசனை இருந்தது.

அந்த யோசனைகளின் உள்ளமைப்பை ஆராய்ந்தால், கண்ணன் எதிரியின் பலவீனத்தைத் தேடி அலையும் சாதாரணத் தந்திரசாலி அல்லன் என்பதும், எதிரியின் மேன்மை எதுவோ அதையே வாயிலாகக் கொண்டு உள்ளே நுழைபவன் என்பதும் விளங்கும். பெண்ணாய்ப் பிறந்தவரோடு பொருவதில்லை என்ற பீஷ்மரின் விரதத்தின் முன் சிகண்டி நிறுத்தப்படுகிறான். துரோணரின் புத்திர வாத்சல்யத்தின் முன் அசுவத்தாமன் என்ற பெயருடைய யானையின் சாவு பிள்ளையின் சாவாக ஒலிக்கிறது. இல்லையென்று சொல்லாத கர்ணனின் கொடையின் முன் கவசகுண்டலத்துக்கு இந்திரனும், நாகாஸ்திரத்தை மறுமுறை தொடுப்பதில்லை என்ற வரத்துக்குக் குந்தியும் கையேந்தி நிற்கிறார்கள். ஒருவனுடைய குற்றத்தைக் கொண்டு அவனை வீழ்த்துவது எவர்க்கும் கைவரும். குணத்தைக் கொண்டே வீழ்த்துவதற்கு அவனை அவன் தாயினும் நன்றாக அறிந்திருக்க வேண்டும். கண்ணனிடத்தில் நமக்கு ஏற்படும் வியப்பும் அச்சமும் இந்த ஒரே ஊற்றிலிருந்து பிறப்பவை.

கண்ணனைக் குற்றஞ்சாட்டுவோர் முதற்சாட்சியாகக் கூப்பிடுவது அவன் அண்ணன் பலராமனை. பீமனுக்கும் துரியோதனனுக்கும் கதாயுதம் பயிற்றிய ஆசான் அவனே. இறுதிப் போட்டிக்கு இயல்பான நடுவர் என்றே சொல்லலாம். நாபிக்குக் கீழே அடிப்பதில்லை என்ற கதாயுத்த நியமத்தை மீறி, கண்ணனின் யோசனைப்படி பீமனின் அடி துரியோதனன் தொடையில் விழுந்ததும், அவன் கலப்பையை ஓங்கிப் பீமன்மேல் பாய்ந்தான். கண்ணன் கட்டிப்பிடித்துத் தடுத்துக் காரணங்களை அடுக்கியும் சமாதானமடையாமல் துவாரகைக்குப் புறப்பட்டுப் போனான். வடமொழிப் பாரதம் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது: கீழே கிடக்கும் துரியோதனன் பாண்டவர் செய்த வஞ்சனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபோது வானிலிருந்து மலர்மாரி பொழிந்தது என்றும், வென்றவர் வெட்கித் தலைகுனிந்தார் என்றும், நேர்வழியில் இந்தக் கௌரவ வீரர்களை உங்களால் வீழ்த்தியிருக்கவே முடியாது என்று கண்ணனே அவர்களிடம் கூறினான் என்றும் அது எழுதி வைத்திருக்கிறது. தன் நாயகனுக்கு எதிரான சாட்சியத்தை இவ்வளவு ஒளிவின்றிப் பதிவுசெய்த காவியம் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

கண்ணனுக்காக வாதாடுவோரும் வெறுங்கையோடு வருவதில்லை. சக்கரம் மண்ணில் புதைந்த வேளையில் கர்ணன் தருமத்தை நினைவூட்ட, அரக்கு மாளிகையிலும் சூதாட்ட மண்டபத்திலும் அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோதும் அந்தத் தருமம் எங்கே போயிருந்தது என்று கண்ணன் கேட்ட கேள்விக்குக் கர்ணனிடமே விடையில்லை. தன் மானத்தையும் கண்ணன் காத்துக்கொள்ளவில்லை: ஆயுதமெடுப்பதில்லை என்று வாக்களித்தவன், பீஷ்மரின் உக்கிரத்தைக் கண்டு, அந்த வாக்கையே மறந்து தேரிலிருந்து குதித்தான்.

விதிக்கு உட்பட்டது எல்லாம் நியாயமாகிவிடுமா என்ற இந்த வழக்கு விளையாட்டு மைதானத்துக்கும் புதிதன்று. 1981 பிப்ரவரி 1ஆம் நாள் மெல்போர்னில், கடைசிப் பந்தில் ஆட்டத்தைச் சமன்செய்ய 6 ரன் தேவைப்பட்ட நியூசிலாந்துக்கு, ஆஸ்திரேலிய அணித்தலைவரான அண்ணன் கிரெக் சாப்பலின் கட்டளைப்படி தம்பி டிரெவர் பந்தைத் தரையோடு உருட்டி விட்டார். அன்றைய விதி அதை அனுமதித்தது, உலகம் அனுமதிக்கவில்லை. 2019 மார்ச் 25ஆம் நாள் ஜெய்ப்பூரில், பந்து வீசுமுன்னரே கோட்டைவிட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை நம் அஸ்வின் ஆட்டமிழக்கச் செய்தபோது எழுந்த கூச்சலோ, நாளடைவில் வேறு திசையில் திரும்பியது. 2022இல் அந்த முறை ‘முறையற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்து எடுக்கப்பட்டு, சாதாரண ‘ரன் அவுட்’ விதியில் சேர்க்கப்பட்டது. சிகண்டியை முன்னிறுத்தியது அஸ்வினின் வகையைச் சேர்ந்தது. அந்த வழியைப் பீஷ்மரே ஒன்பதாம் நாள் இரவில் பாண்டவர்க்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தொடையில் விழுந்த அடியோ விதியையே உடைத்தது. துரோணருக்குச் சொன்ன அரைப்பொய் இவ்விரண்டிலும் அடங்காதது. அதற்குத் துணைபோன தருமனின் தேர், அதுவரை நிலத்தில் தோயாமல் ஓடியது, அன்று மண்ணில் இறங்கிவிட்டது. மூன்றையும் ஒரே தராசில் நிறுப்பதனாலேயே தேநீர்க் கடை விவாதம் முடிவு காணாமல் போகிறது.

ஆட்டத்தை ஆடிக்காட்டும் வேடக்காரரையும் இங்கே குறிப்பிடவேண்டும். துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் திரை பிடித்து, கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன, மத்தளமும் முகவீணையும் முழங்கப் பிரவேசம் வாய்க்கிறது. கர்ண மோட்சத்து இரவிலோ, மனைவி பொன்னுருவியோடு நிகழும் தர்க்கம் ஒன்றே கர்ணனுக்கு ஜனங்களின் நெஞ்சத்தைப் பட்டயம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அத்தகைய களத்தில், விழுந்துகிடக்கும் கர்ணனிடம் கிழப்பிராமணனாகத் தள்ளாடி வந்து, அவன் செய்த தருமத்தின் பலனனைத்தையும் யாசித்து, அவன் குருதியையே தாரையாக ஏற்கவேண்டியவன் கண்ணன். தேறாத நடிகர் அவ்விடத்தில் சபையைப் பார்த்துக் கண்சிமிட்டிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார். அக்கணமே கண்ணன் வெறும் எத்தனாகச் சுருங்கிப் போகிறான். தேர்ந்த நடிகரோ, கேட்கும்போதே கொடுப்பவனின் பெருமை தன்னை மிஞ்சிவிட்டதை உணர்ந்தவராய்க் குரலைத் தாழ்த்துகிறார். எந்தப் பிறவியிலும் இல்லையென்று சொல்லாத இதயம் வேண்டும் என்று கர்ணன் வரம் கேட்கும்போது, வென்றவன் தோற்றவனிடம் கடன்பட்டு நிற்பது அப்போதுதான் சபைக்குத் தெரிகிறது.

இவ்வளவும் எதிரணிக்கு இழைத்தவை பற்றிய வாதம். என் அபிப்பிராயத்தில் கண்ணன்மேல் கேட்கவேண்டிய கடினமான கேள்வி அங்கே இல்லை. அவன் சொந்த அணியின் நஷ்டக் கணக்கில் இருக்கிறது. அதற்குத் திறவுகோல் வில்லிபாரதத்தின் தூதுச் சருக்கத்தில் வருகிறது. போரைத் தவிர்க்க வழியென்ன என்று கண்ணன் தனியே வினவ, எல்லாம் உணர்ந்த சகாதேவன், உன்னைக் கட்டிப்போட்டால் போர் நிற்கும் என்று சொல்லி, அன்பினால் அவனைக் கட்டியும் விடுகிறான். விடுவிக்கும்படி கேட்கும் கண்ணனிடம், போரில் எங்கள் ஐவரையும் காக்கவேண்டும் என்று வாக்குப் பெற்றுக்கொண்டே அவிழ்க்கிறான். ஐவர், அவ்வளவுதான். அந்த உடன்படிக்கையைக் கண்ணன் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினான். அதன் எல்லைக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் செலவுக்குரியவர்கள் ஆனார்கள்.

அமாவாசையை ஒருநாள் முந்தி வரச்செய்து துரியோதனனிடமிருந்து பறித்த களபலியின் பயனுக்கு விலை, அர்ச்சுனன் மகன் அரவான். அர்ச்சுனனுக்கென்று கர்ணன் பாதுகாத்து வைத்திருந்த சக்தியாயுதத்தை வீணாக்கியதற்கு விலை, பீமன் மகன் கடோற்கசன். அவன் விழுந்த இரவில் பாண்டவர் அழுதுகொண்டிருக்கக் கண்ணன் களிப்பால் கூத்தாடினான் என்று வடமொழிக் கவியே சொல்கிறார். தூது வந்த இடத்தில் மோதிரத்தை நழுவவிட்டு, அதை அசுவத்தாமன் எடுத்துக் கொடுத்த காட்சியைத் துரியோதனன் சத்தியம் செய்வதாகத் தவறாகக் காணும்படி செய்ததால், எதிரணியின் மிக அபாயகரமான ஆட்டக்காரன் பதினெட்டு நாளும் தலைமை கிட்டாமல் ஒதுக்கிவைக்கப்பட்டான். வியூகம் என்ற வகையில் அதற்கு நிகரில்லை. எனினும் எல்லாம் முடிந்தபின் தலைமை கிட்டிய அந்த ஒரே இரவில், கண்ணன் ஐவரைப் பாசறையிலிருந்து அப்புறப்படுத்தியிருக்க, உறங்கிக்கிடந்த திரௌபதியின் ஐந்து புதல்வரும் அசுவத்தாமன் வாளுக்கு இரையானார்கள்.

ஆதலால், கண்ணன் நல்லவனா பொல்லாதவனா என்று பொதுவாக வாதிப்பதைவிட, அவன் யாருக்கு வாக்குக் கொடுத்தான், யாரைக் கேட்காமலே பணயம் வைத்தான் என்று கணக்கெடுப்பதே முறையான அலசல். தான் மட்டும் தப்பித்துக்கொள்ளவில்லை என்பது அவன் பக்கத்துக் கடைசி வாதம்: உன் குலமும் 36 ஆண்டில் ஒருவரையொருவர் கொன்று அழியும் என்று காந்தாரி சபித்தபோது அவன் மறுப்புரைக்காமல் ஏற்றான், அவ்வண்ணமே அழிந்தது. அந்தப் பொறுப்புணர்ச்சி அவனை எத்தர்களின் வரிசையிலிருந்து உயர்த்துகிறது. ஆனால் அரவானுக்கும் கடோற்கசனுக்கும் அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் அது ஈடாகாது. நம் ஜனங்கள் இதை வாதத்தில் சொல்லாவிட்டாலும் வழிபாட்டில் சொல்லியிருக்கிறார்கள். படுகளத்தில் துரியோதனனுக்கு மண்ணால் பேருருவம் சமைத்துத் தோற்றவனுக்கு மரியாதை செய்கிறார்கள். கண்ணனுக்கும் கோயிலில் இடம் தந்து பூசிக்கிறார்கள். ஆயினும் கருவறையையும் தீமிதியையும், வெற்றிக்கு எவரினும் மிகுந்த விலை கொடுத்த தாயின் பெயரால் வைத்திருக்கிறார்கள். ஆட்ட நாயகன் கண்ணன் என்பதில் எனக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் அந்தப் பரிசை வழங்கும் உரிமை திரௌபதிக்கே உரியது.